டிராக்கிங்கில் டெலிவரி ஆயிற்று, வாங்கியவர் வரவில்லை என்கிறார்

கேள்வி: 2025 நவம்பர் 11, மாலை 6.40

டெரகோட்டா நகை செய்து விற்கிறேன். ஆரம்பித்து ஏழு மாதம்தான் ஆகிறது. அம்பத்தூருக்கு 1,850 ரூபாய்க்கு ஒரு செட் கூரியரில் அனுப்பினேன். சனிக்கிழமை மதியமே டெலிவரி ஆகிவிட்டதாக டிராக்கிங்கில் இருக்கிறது. வாங்கியவர் எதுவுமே வரவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவேன் என்கிறார். கொடுத்தால் ஒரு மாத லாபம் போச்சு, கொடுக்காவிட்டால் பெயர் போச்சு. ஏமாற்றுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நவம்பர் 11, இரவு 9.15

இன்று பணத்தைக் கொடுக்காதீர்கள். தர மாட்டேன் என்றும் சொல்லாதீர்கள். முதலில் பார்சலைத் தேடுங்கள்.

நான் சின்னாளப்பட்டியிலிருந்து சுங்குடிச் சேலை அனுப்புகிறேன். 2018இல் ஒரு வாட்ஸப் குரூப்பில் ஆரம்பித்தது. "வரலை அக்கா" என்று போன் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அதைப் புரட்டினால், முக்கால்வாசிப் பார்சல் இரண்டு மூன்று நாளில் எங்கிருந்தோ கிடைத்திருக்கிறது. கீழ் வீடு, செக்யூரிட்டி மேசைக்கு அடியில், எதிர்த்த மளிகைக் கடை, மாமியார் வாங்கி பீரோவில் வைத்து மறந்தது, இப்படி.

அவரிடம் இன்றைக்கே கேளுங்கள். முகவரியில் இருப்பது புது எண்ணா, பழைய எண்ணா? சென்னையில் இது ஓயாத தொல்லை. ஒரே தெருவில் புது 14 ஒரு வீடு, பழைய 14 இன்னொரு வீடு. அம்பத்தூர் என்றால் பின்கோடையும் பாருங்கள். 600053 அம்பத்தூர், 600058 அம்பத்தூர் எஸ்டேட். சனிக்கிழமை மதியம் வீட்டில் யார் இருந்தார்கள், அந்த நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து மிஸ்டு கால் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூரியரின் கஸ்டமர் கேரில் ஒரு புகார் எண் தருவார்கள். வாங்கி வையுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நீங்கள் புக் செய்த கடைக்கே போய் அம்பத்தூர் கிளையின் நம்பரை வாங்குங்கள். அங்கே அந்த ரூட்டுக்குப் போகும் தம்பியிடம் நேரடியாகப் பேசுங்கள். பிஓடி, அதாவது டெலிவரி கொடுத்ததற்கான ஆதாரம், கேளுங்கள்: கையெழுத்து யாருடையது, போட்டோ எடுத்தார்களா. எந்த வீட்டில் கொடுத்தோம் என்பது அந்தத் தம்பிக்கு மூன்று நான்கு நாள் ஞாபகம் இருக்கும். ஒரு வாரம் போனால் நூற்றுக்கணக்கான பார்சலில் அதுவும் ஒன்று. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

பேசும்போது ஏமாற்றுகிறார் என்ற நினைப்பை ஒதுக்கி வையுங்கள். குரலில் தெரிந்துவிடும்.

நவம்பர் 12, காலை 5.50

கடைசி வரியை எதற்கு எழுதினேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ராத்திரி தூக்கமும் வரவில்லை.

2021 ஆடி மாதம். திருச்சியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். மெரூன் உடல், சந்தன நிற முந்தானை, 1,400 ரூபாய்ச் சேலை. டெலிவரி ஆகிவிட்டதாகக் காட்டியது. அவர் வரவில்லை என்றார். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பார்சல் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. நான் எடுத்த எடுப்பிலேயே, "டிராக்கிங் பொய் சொல்லாது மேடம், வீட்டில் நல்லா கேட்டுப் பாருங்க" என்றேன். சொற்கள் மரியாதையாகத்தான் இருந்தன. தொனி அப்படி இல்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா, ஆயிரத்து நானூறு ரூபாய்ச் சேலைக்கா நான் பொய் சொல்லுவேன்? முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தவ நான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பணமும் கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பத்தொன்பது நாள் கழித்து ஒரு போட்டோ அனுப்பினார். இபி கணக்கெடுக்க வந்தவர் மீட்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே என் பார்சல் இருந்திருக்கிறது. கொண்டுவந்த பையன், வீடு பூட்டியிருக்கிறது என்று அதற்குள் செருகிவிட்டுப் போயிருக்கிறான். ரெண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் அந்தப் பெட்டியை யாராவது திறப்பார்கள். நடுவில் மழை. அப்போது நான் பழுப்புக் காகிதத்தில் மட்டும்தான் சுற்றி அனுப்புவேன், உள்ளே பாலிதீன் கிடையாது. காகிதம் ஊறி, மெரூன் சாயம் முந்தானை முழுக்க இறங்கி, சந்தன நிறம் துருப்பிடித்த மாதிரி ஆகியிருந்தது. நான் எழுதிய முகவரியில் ஊர் பெயர் மட்டும் படிக்கும்படி இருந்தது.

போட்டோவுக்குக் கீழே அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டு வேறு சேலை அனுப்பினேன். வாங்கிக்கொண்டார், "சரிம்மா" என்றார். அதன்பிறகு என்னிடம் எதுவும் வாங்கவில்லை.

நவம்பர் 12, மதியம் 1.30

"அப்போ எல்லாரும் நல்லவங்களா அக்கா?" என்று கேட்டவருக்கு: இல்லை. நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கஞ்சி போடும் வேலை நடக்கிறது.

நவம்பர் 13, இரவு 10.05

ஏமாற்றியவரைப் பற்றி.

என் சேலை ஒவ்வொன்றிலும் முந்தானை மூலையில் சின்னக் காகித அட்டை ஒன்று நூலில் கட்டியிருக்கும். அதில் என் கையால் எண் எழுதுவேன். கணக்குக்காக ஆரம்பித்த பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒருவர் பார்சல் வரவில்லை என்றார். கிளையில் கேட்டேன், கையெழுத்து இருந்தது, அது தன்னுடையது இல்லை என்றார். டீச்சர் விஷயம் மனதில் இருந்ததால் ஐந்தாம் நாள் பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வேறொரு நம்பரிலிருந்து ஒரு போட்டோ. கட்டிலில் விரித்த சேலை, "இதே டிசைனில் பச்சை இருக்கா?" என்று கேள்வி. பெரிதாக்கிப் பார்த்தால் மூலையில் அட்டை தொங்குகிறது. 212. என் கையெழுத்து. நோட்டை எடுத்துப் பார்த்தேன், 212 போன இடம் அந்தக் கோயம்புத்தூர் முகவரிதான்.

"இது நான் அனுப்பிய 212ஆம் எண் சேலை. உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

பெயரையும் நம்பரையும் எல்லா குரூப்பிலும் போடு என்று தோழிகள் சொன்னார்கள். நான் போடவில்லை. போட்டோ அனுப்பியவர் யார் என்று எனக்குத் தெரியாது. பார்சல் கொண்டுபோன பையனே தெருவில் யாருக்காவது பாதி விலைக்கு விற்றிருந்தால்? அப்படி இருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் என்னால் நிரூபிக்க முடியாது. இனி அந்த முகவரிக்கு அனுப்புவதில்லை, அவ்வளவுதான்.

பெட்டி வந்தது, உள்ளே ஒன்றுமில்லை என்பவர்களுக்கு வேறு வழி. ஸ்பீட் போஸ்ட் ரசீதில் எடை அச்சாகியிருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். வந்த பார்சலை எடை மெஷினில் வைத்து, அதை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிழிந்து ஒட்டப்பட்டிருந்தால் டேப்பில் தெரியும். நான் மெரூன் டேப் ஒட்டுகிறேன், சாதா பழுப்பு டேப் இருந்தால் வழியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அன்பாக்சிங் வீடியோ இருந்தால்தான் பேசுவேன் என்று பல பேர் எழுதிப்போடுகிறார்கள். அறுபது வயது அம்மா எப்படி ஒரு கையில் போனும் ஒரு கையில் கத்தியும் பிடிப்பார்? நான் அதை நிபந்தனையாக வைப்பதில்லை.

நவம்பர் 14, மாலை 4.20

சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 39ஆம் பிரிவு. வாங்கியவருக்கு அனுப்பும்படி ஒப்பந்தம் இருந்து, விற்பவர் சரக்கைக் கூரியரிடமோ லாரிக்காரரிடமோ ஒப்படைத்துவிட்டால், வேறு ஆதாரம் வராதவரை, அது வாங்கியவரிடமே ஒப்படைத்த மாதிரி. ஆகவே புக்கிங் ரசீது இருந்தால் நம் பக்கம் பலமாகவே இருக்கிறது.

நவம்பர் 15, காலை 11.40

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். வக்கீலாக இருக்கும் என் அத்தை மகனிடம் காட்டினேன். "பாதிதான் எழுதியிருக்கீங்க அக்கா" என்றான்.

அதே பிரிவின் அடுத்த வரியில், சரக்கின் தன்மைக்குத் தகுந்தபடி கூரியருடன் நியாயமான ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டு, வழியில் தொலைந்தால், எனக்கு வந்து சேர்ந்ததாக ஏற்க மாட்டேன் என்று வாங்கியவர் சொல்லலாம். எட்டாயிரம் ரூபாய் நகையைப் பதிவோ இன்சூரன்சோ இல்லாமல் மலிவான கவரில் போட்டுவிட்டு இந்தப் பிரிவைக் காட்ட முடியாது. இன்னொன்று, "வீடு தேடி வரும்" என்று நாமே விளம்பரம் செய்திருந்தால் நம் ஒப்பந்தமே வேறு. நான் மூன்று வருடமாக அதைத்தான் என் விற்பனைப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

தபால் துறையிடம் நஷ்டம் வாங்கலாமா என்றால், 2023ஆம் ஆண்டின் புதிய அஞ்சல் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது; விதிகளில் சொன்ன அளவுக்கு மேல் துறைக்குப் பொறுப்பு கிடையாது. ஸ்பீட் போஸ்டில் பார்சல் தொலைந்தால் கட்டிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. 80 ரூபாய்க் கட்டணத்துக்கு 160 ரூபாய். சேலையின் விலை அந்தக் கணக்கில் வரவே வராது. விலை கூடிய பொருளுக்கு இன்சூர் செய்து அனுப்புங்கள்.

அதே 1930 என்ற எண்ணில் இன்னொரு விஷயம். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் அது. பார்சல் வராத கோபத்தில் வாங்கியவர் அங்கே போன் செய்து, பணம் வாங்கி ஏமாற்றிவிட்டார் என்று புகார் கொடுத்தால், அந்தப் பணம் வந்த நம் வங்கிக் கணக்கில் தடை விழலாம். எனக்குத் தெரிந்த ஊறுகாய் விற்கும் அம்மாவுக்கு நடந்தது. 640 ரூபாய்த் தகராறு. பிள்ளையின் காலேஜ் பீஸ் கட்டும் வாரத்தில் கணக்கிலிருந்து ஒரு பைசா எடுக்க முடியவில்லை. வங்கிக்கும் ஸ்டேஷனுக்கும் நடையாய் நடந்தார். ஆர்டர் வந்த செய்தி, பில், புக்கிங் ரசீது, டிராக்கிங் ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே இடத்தில் வைத்திருந்ததால் கடைசியில் தப்பினார். அன்றிலிருந்து வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொண்டேன். நீங்களும் செய்யுங்கள்.

"போலீசில் சொல்லுவேன்", "நீங்க எங்க வேணும்னாலும் போங்க" என்று போகும் பேச்சு இதற்காகவே ஆபத்து. நம் பதில் எழுத்தில் இருக்கட்டும்: எந்த தேதியில் அனுப்பினேன், டிராக்கிங் எண் இது, கிளையில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இந்தத் தேதிக்குள் சொல்கிறேன். தேதி சொன்னால் அந்தத் தேதியில் போன் செய்துவிட வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்.

நவம்பர் 17, இரவு 8.30

இந்த அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்டில் ஓடிபி டெலிவரி வந்திருக்கிறது. 5 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் கூடுதல். பெறுபவர் போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் கொடுப்பார்கள். ரிஜிஸ்டர் தபாலும் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. பதிவு வேண்டுமென்றால் அதற்கும் 5 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அப்படிப் போட்டால் முகவரியில் உள்ளவர் அல்லது அவர் அனுமதித்த ஆள் கையில்தான் போகும். 1,000 ரூபாய்க்கு மேல் எல்லாவற்றையும் ஓடிபியில் போட ஆரம்பித்துவிட்டேன். "வரலை" என்ற பேச்சு இதோடு தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 18, காலை 7.10

கேள்வி கேட்ட தங்கை, பார்சல் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். பழைய எண்தான்! நான்கு வீடு தள்ளி, தனியாக இருக்கும் ஒரு பெரியவர் வாங்கி, யாராவது கேட்டு வருவார்கள் என்று டிவி மேல் வைத்திருந்தாராம். நகை வாங்கியவர் அந்த வீட்டுக்குப் போகத் தயங்கி, பிறகு அவரும் அவர் மகளுமாகப் போயிருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவேன் என்றவர் இப்போது தோடு போட்டுக்கொண்டு போட்டோ போட்டிருக்கிறார். எனக்கு நிஜமாகவே மனது நிறைந்துவிட்டது.

நவம்பர் 24, மதியம் 2.45

ஓடிபியோடு தீர்ந்துவிடும் என்று எழுதியது தப்பு. ஒரே வாரத்தில் இரண்டு.

ஒன்று, பெங்களூரில் இருக்கும் மகன் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்குச் சேலை அனுப்பச் சொன்னார். கொடுத்த போன் நம்பர் மகனுடையது. ஓடிபி மீட்டிங்கில் இருந்தவர் போனுக்குப் போயிற்று, எடுக்கவில்லை. அம்மா வாசலில் நின்றபடி, "எனக்கு ஒன்னும் வரலையே தம்பி" என்றிருக்கிறார். பார்சல் திரும்ப என் வீட்டுக்கே வந்துவிட்டது. இப்போது ஆர்டர் எடுக்கும்போதே, வாங்குபவர் வீட்டில் யார் இருப்பார், எண் யார் போனுக்கு வரணும் என்று கேட்கிறேன்.

இன்னொன்று ஒரு கூரியரில். அங்கேயும் ஓடிபி. வாங்கியவர் ஆபீசில் இருந்திருக்கிறார். "மேடம், ஓடிபி சொல்லுங்க, பக்கத்து வீட்ல குடுத்துடறேன்" என்று போன். சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் கேட்டால் யாரும் வாங்கவில்லை. ஓடிபி சொன்னது நிஜம், பார்சல் வராததும் நிஜம். மறுநாள் காலையில் அதே பையன் கொண்டுவந்து கொடுத்தான். மாலை ஏழு மணிக்கு மேல் அன்றைய லிஸ்டை முடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்குவார்களாம். கையில் மிச்சம் இருப்பதையும் டெலிவரி ஆனதாகப் போட்டுவிட்டு, விடிந்ததும் முதல் வேலையாகக் கொடுப்பதாம். அவனே சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மழையில் மூட்டையோடு மூன்றாவது மாடி ஏறி இறங்குகிறவன். ஆனால் நமக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, டெலிவரி ஆன நேரம் மாலை ஏழுக்கு மேல் இருந்தால் மறுநாள் மதியம் வரை வாங்கியவரைப் பொறுக்கச் சொல்லலாம்.

போட்டோவையும் முழுசாக நம்பாதீர்கள். போன வருடம் பிஓடி போட்டோவில் நீல இரும்புக் கேட், எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்குகிறது, கீழே என் பார்சல். வாங்கியவருக்கு அனுப்பினேன். "நாங்க ரெண்டாவது மாடி அக்கா, எங்களுக்குக் கேட்டே கிடையாது" என்றார். ஆனால் அந்த நீலக் கேட்டை அவருக்குத் தெரிந்திருந்தது, போய் வாங்கிவிட்டார். ஆகவே போட்டோ கிடைத்தால் ஆதாரம் என்று நீட்டாமல், "இந்த இடம் தெரியுதா பாருங்க" என்று கேட்டு அனுப்புங்கள்.

டிசம்பர் 9, இரவு 9.50

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு நான் மேலே எழுதிய எதுவும் அப்படியே பொருந்தாது. லண்டனில் இருக்கும் என் சித்தி மகள் துணிக்கடை ஒன்றில் ஆன்லைன் பிரிவைப் பார்க்கிறாள். அங்கே 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் வாங்கியவர் கையிலோ அவர் குறிப்பிட்ட ஆளிடமோ போய்ச் சேரும்வரை நஷ்டம் கடைக்காரருடையது. நம் 39ஆம் பிரிவுக்கு நேர் எதிர். "வரலைன்னு சொன்னா நிரூபிக்க வேண்டியது நாங்கதான் அக்கா" என்கிறாள்.

பேபாலில் பணம் வாங்குகிறவர்கள் இரண்டு கணக்கு ஞாபகம் வையுங்கள். வாங்கியவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம், ரசீதை ஆறு மாதத்துக்குமேல் வைத்திருங்கள். 750 டாலருக்கு மேல் போனால் டிராக்கிங் மட்டும் போதாது, கையெழுத்து வாங்கிய ஆதாரம் வேண்டும். பட்டுச் சேலை மூன்று நான்காகச் சேர்த்து அனுப்புகிறவர்கள் இந்தத் தொகையைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

2026 ஜனவரி 6, மதியம் 12.15

நோட்டில் ஒன்று மூடாமல் இருக்கிறது. ஈரோடு, டிசம்பர் 19. கையெழுத்து கிறுக்கலாக இருக்கிறது, அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டான், புகாரை "விசாரணை முடிந்தது" என்று மூடிவிட்டார்கள். வாங்கிய அக்கா கத்தவில்லை, தினமும் ஒரு முறை "ஏதாவது தெரிந்ததா" என்று மட்டும் கேட்கிறார். நேற்று பாதிப் பணம் தரலாமா என்று யோசித்தேன். பாதி என்றால் அவரைப் பாதி சந்தேகப்படுவதாக ஆகிவிடும். முழுப் பணத்தையும் போட்டுவிட்டேன். சேலை விலை 1,150. இப்போது என் வழக்கம் இதுதான்: பத்து நாள் தேடுவேன், கிடைக்காவிட்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு முறை என் செலவு. இரண்டாம் முறை அதே வீட்டில் நடந்தால் அவர்களே வேறு முகவரி தர வேண்டும். இதற்காகச் சேலைக்குப் பத்து ரூபாய் கூட்டியிருக்கிறேன், அதை வாங்குபவர்களிடம் சொல்லியும்விட்டேன்.

கவர் மேல் என்ன எழுதுகிறேன் என்று கேட்டவருக்கு: பெயர், புது எண், பழைய எண், மாடி, பக்கத்தில் தெரிந்த கோயிலோ கடையோ, பின்கோடு பெரிய எழுத்தில், இரண்டு போன் நம்பர். கீழே சிவப்பு மையில், "வீடு பூட்டியிருந்தால் போன் செய்யவும். மீட்டர் பெட்டியில் வைக்க வேண்டாம்." ஆங்கிலத்திலும் ஒரு முறை எழுதுவேன், ரூட் தம்பிகளில் பலர் இப்போது வடக்கிலிருந்து வந்தவர்கள்.

பொங்கல் ஆர்டர் பதினொன்று இன்னும் ஒட்டாமல் கிடக்கிறது. மூன்றரைக்குத் தபால் வண்டி. மற்றதை ராத்திரி பார்க்கிறேன்.